பாலத்துப் பூதமும் மூணு இங்கிலீஷ் வார்த்தையும்

ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு பாலமாம். அதுல குறுக்கால காலை நீட்டி உட்கார்ந்த ஒரே ஒரு பூதமாம். ம் சொல்லு பாப்பா.

அந்தப் பூதம் ஒருநாள் பசியில ஒரு புத்தக வண்டியையே லபக்குனு முழுங்கிருச்சு. அத்தனையும் இங்கிலீஷ் அகராதி! அப்புறம் யார் வந்தாலும் ஒரு பெரிய வார்த்தையச் சொல்லி, "அர்த்தம் என்ன?"ன்னு கேக்கும். மனப்பாடமா ஒப்பிச்சா, "அதான் என் வயித்துக்குள்ளயே இருக்கே!"ன்னு உஃப்னு ஊதும். வந்தவங்க பறந்துபோய் கரையில பொத்துனு விழுவாங்க.

அப்போ வடிவுன்னு ஒரு பொண்ணு வந்தா. அக்கரையில கப்பல் வேலைக்குப் பரீட்சை. ரெண்டாம் மணி அடிச்சா கதவைச் சாத்திருவாங்க.

"காலை மடக்குங்க பூதமே, நேரமாச்சு."

"எஃபெமரல்! அர்த்தம் சொல்லு."

"சொல்லமாட்டேன், காட்டுறேன்"னா. பாலத்தோரம் இருந்த காட்டாமணக்குக் காம்பைக் கிள்ளி, அதுல வடிஞ்ச பாலை ஊதினா. குமிழி மினுமினுன்னு பறந்துச்சு. பூதம் விரலை நீட்டறதுக்குள்ள, டப்!

"ஐயோ, போயிருச்சே!"

"அதான். வந்த வேகத்துல போயிடுறது."

ம்... தூங்கிட்டியா பாப்பா? இல்லையா? சரி, கேளு.

"ரெசிலியன்ட்?"

"குதிகாலைக் கொஞ்சம் தூக்குங்க." தூக்குச்சு. அடியில நசுங்கிக் கிடந்த அருகம்புல்லு மெல்ல மெல்ல நிமிர்ந்துச்சு. "எவ்வளவு அமுக்கினாலும் எழுந்துக்குது பாருங்க. அதான்."

பூதம் காலை மறுபடி வெச்சுக்கிட்டு, "ரிலக்டன்ட்?"னுச்சு.

அப்போ அக்கரையில டாண்! முதல் மணி. வடிவு பையைத் தோள்ல மாட்டினா. "நான் வரேன்."

"அதுக்குள்ளயா? இன்னும் ஒரே ஒரு வார்த்தை... கொஞ்சம் இரேன். ஊதி அனுப்பினவங்க யாருமே திரும்பி வரல."

"காலை எடுங்க."

பூதம் கொஞ்சம் எடுத்துச்சு. நிறுத்துச்சு. பெருமூச்சு விட்டுச்சு. இன்னும் கொஞ்சம் எடுத்துச்சு.

வடிவு சிரிச்சுட்டா. "மனசே இல்லாம எடுக்கறீங்களே, இதான் ரிலக்டன்ட்!"

பூதம் தன் காலையே பார்த்துச்சு. "ஓ! இப்படித்தான் இருக்குமா?"

"பரீட்சை முடிஞ்சு இந்தப் பாலம் வழியாத்தான் திரும்பி வருவேன். வர்றவங்கள ஊதாம, பேசிக்கிட்டு இருங்க."

அப்புறம் டக்கு டக்குனு நடந்து, ரெண்டாம் மணிக்கு முன்னாடி உள்ள போயிட்டா.

வடிவும் போயாச்சு, கதையும் போயாச்சு. கண்ணை மூடு. என் விரலை விடு பாப்பா, நான் போகணும்ல. கொஞ்சம் கொஞ்சமாவாவது விடேன்.