ராஜாவின் கறுத்த பல்

ராஜாக்களுக்கும் பல் வலிக்கும். தென்பூவனூர் ராஜா வீரமல்லருக்கு முன்பல்லின் வேரில் சீழ் கட்டியது. அரண்மனை வைத்தியர் சிவக்கொழுந்து பல்லின் பின்பக்கம் துளை போட்டு, கடுக்காய்க் கஷாயத்தால் வேரைக் கழுவினார். வலி போயிற்று. கூடவே வெள்ளையும் போயிற்று.

மண்சட்டி கைக்குக் கிடைக்காததால் கஷாயத்தை இரும்புச் சட்டியில் காய்ச்சியிருந்தார். கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் எழுதுகிற மை. பல் அதைக் குடித்துக் கறுத்துவிட்டது.

ராஜா கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"வைத்தியரே, நாளை மங்கலபுரித் தூதர் வருகிறார். இந்தப் பல் மட்டும் தனியாகத் தெரிந்தால், உம்முடைய தலையும் தனியாகத்தான் இருக்கும்."

சிவக்கொழுந்து நேராக மந்திரி தாண்டவராயர் வீட்டுக்கு ஓடினார்.

"பல்லை வெளுக்க வழியில்லை ஐயா. உள்ளேயே ஊறிவிட்டது."

"வெளுக்கச் சொல்லவில்லையே. தனியாகத் தெரியக்கூடாது என்றுதானே சொன்னார்? கஷாயம் மிச்சம் இருக்கிறதா?"

"அரைச் சட்டி இருக்கிறது."

"கொண்டு வாரும். பல்லுக்கு மேலே பூசினால் போதும். முதலில் தளபதி."

மறுநாள் தூதர் சபைக்குள் வந்தார். வாயிற்காவலன் சிரித்தான், ஒரு முன்பல் கறுப்பு. தளபதி, புரோகிதர், விசிறி வீசுகிற பெண் என்று எல்லோருக்கும் ஒரு பல் கறுப்பு. கடைசியில் ராஜாவும் சிரித்தார். தூதர் தம் வெள்ளைப் பற்களை மேல்துண்டால் மறைத்துக்கொண்டார். சிவக்கொழுந்து தூணுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

தூதர் தாண்டவராயர் பக்கம் சாய்ந்தார். "இது என்ன வழக்கம்?"

"ராஜபக்தி. எங்கள் ஊரில் அது பல்லில் தெரியும்."

"எங்கள் ராஜா கேட்டால் தூங்கமாட்டார். நீங்கள் ஒரு யானை வாங்கினால் நாங்கள் இரண்டு வாங்குகிறவர்கள். அவருக்கு இரண்டு பல் கறுக்க வேண்டும். செய்தவரை அனுப்பிவைப்பீர்களா?"

"அனுப்பலாம். ஆனால் முறைப்படி செய்வதென்றால், முதலில் இரண்டு பல்லும் வலிக்க வேண்டுமே?"



"அதற்கென்ன, வலிக்க ஏற்பாடு செய்துவிடுகிறோம்."

அது காதில் விழுந்து ராஜா வீரமல்லர் சிரித்த சிரிப்பில் கடைவாய்ப்பல் வரை தெரிந்தது. தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி வைத்தியருக்குப் போட்டார். மாலை நிற்பதற்குத் தலை இருந்ததில் சிவக்கொழுந்துக்குப் பரம திருப்தி.