மூணு பங்கு ஜின், ஒரு பங்கு வோட்கா

படகை விற்றுவிட்டு பார் நடத்த வந்த மூன்று பேர் புதுச்சேரியில் இருந்தார்கள். குப்புராசுவும் தேசப்பனும் முழுப் பங்கு. குப்புராசுவின் மச்சான் செங்கேணி அரைப் பங்கு. கடலைப் பார்த்தாலே வாந்தி எடுக்கிற மீன்காரனுக்கு அதுவே அதிகம். நங்கூரம் போடு என்றதும் கயிறு கட்டாமல் போட்டுவிட்டு, "கட்டிப் போடுன்னு யாரும் சொல்லலையே" என்று நின்ற ஆட்கள்.

இவர்களுக்கு பாரை நடத்த விட்டவர் சவரிராயர். நானாக இருந்தால் வாசலிலேயே விரட்டியிருப்பேன். அவர் தங்கமான மனுஷன், ஒரு மாதம் பொறுத்தார். விஸ்கியில் ஐஸ் போட்டு வேண்டும் என்பதை ஒருவர் 'ஆன் தி ராக்ஸ்' என்று கேட்டார். இவர்கள் கிளாஸைக் கொண்டுபோய் கடற்கரைப் பாறைமேல் வைத்துவிட்டு வந்தார்கள். அன்றிலிருந்து சவரிராயர் இவர்களிடம் தமிழைத் தவிர வேறு பேசுவதில்லை.

"சாயந்திரம் சொல்தா வர்றாரு" என்றார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற பெரியவர் அவர். "அவர் ருசி பார்த்து நல்லாருக்குன்னு சொன்னா பார் உங்களுக்கு. இல்லேன்னா கடையைப் பூட்டி, சாவியை என் கையில குடுத்துட்டுக் கிளம்பிக்கிட்டே இருங்க."

"என்ன குடிப்பாரு முசே?" என்றான் தேசப்பன். புதுச்சேரியில் ஐயாவுக்கு முசே.

"ஜின்னு மூணு பங்கு, வோட்கா ஒரு பங்கு, வெள்ளை ஒயின் அரைப் பங்கு. கண்ணாடியை முன்னாடியே ஐஸ்ல வச்சுக் குளிர விடணும். குலுக்கிக் குடுக்கணும். எலுமிச்சந்தோல் சீவி மேலே போடணும். கலக்கக் கூடாது. கலக்கினீங்கன்னு என் காதுல விழுந்துது, தொலைச்சிடுவேன்."

சொல்லிவிட்டு மாதா கோயிலுக்குப் போய்விட்டார். வேண்டுதல் இருந்திருக்கும்.

சொல்தா வந்து உட்கார்ந்தார். தேசப்பன் பணிவாகப் போய், "முசே, உங்க கண்ணாடியைக் கழட்டிக் குடுங்க, குளிர வைக்கணும்" என்றான். பாரீசில் புதுசாக வந்த மரியாதை போலிருக்கிறது என்று அவரும் கழற்றிக் கொடுத்தார். அது ஐஸ் வாளிக்குள் போனது. எலுமிச்சந்தோலைச் சீவி அவருடைய வழுக்கைக்கு மேலே போட்டான். அவர் கொசு என்று தட்டிப் பார்த்துக்கொண்டார்.

உள்ளே, கரையில் பிடித்த மீனைப் பிரிப்பதுபோலவே பங்கு பிரித்தார்கள்.

"ஜின்னு மூணு பங்கு" என்றான் குப்புராசு. "படகுக்கு ஒண்ணு, வலைக்கு ஒண்ணு, எஞ்சினுக்கு ஒண்ணு. சரியா வருது."

"நம்மகிட்டதான் படகு இல்லியே மாமா?"

"கல்லா மேசைதாண்டா இப்போ படகு. தட்டு வலை. உர்ருன்னு ஓடுதே பிரிஜ்ஜி, அது எஞ்சினு. வோட்கா ஒரு பங்கு ஆளுங்களுக்கு. அரைப் பங்கு ஒயின் உனக்கு."

"அப்போ சொல்தாவுக்கு?"

"அவரு கடலுக்கு வந்தாரா?"

"வரலை."

"வராத ஆளுக்குப் பங்கு ஏதுடா?"

தேசப்பன் குறுக்கே வந்தான். "அண்ணே, பார் போயிடும். குலுக்கிக் குடுக்கச் சொன்னாரே, அவர் பேரையும் போடுவோம். அதிர்ஷ்டம் இருந்தா விழட்டும்."

கரையில் மீனைக் கூறு கட்டி, யாருக்கு எந்தக் கூறு என்று சீட்டுக் குலுக்குவது வழக்கம். அதுபோல எல்லார் பேரையும் எழுதி ஷேக்கரில் போட்டுக் குலுக்கினார்கள். எழுதத் தெரிந்தவன் செங்கேணி ஒருத்தன்தான். அவனுக்கும் அவன் பேரை மட்டும்தான் எழுதத் தெரியும்.

ஜின் மூணு, வோட்கா ஒண்ணு, ஒயின் ஒண்ணு, ஐந்து கிளாசும் செங்கேணிக்கே விழுந்தது.

"அரைப் பங்குக்காரன் அள்ளிட்டான்யா!" என்று குப்புராசு நெஞ்சில் அடித்துக்கொண்டான்.

செங்கேணியோ மாலை போட்டு விரதத்தில் இருந்தான். குடிக்க முடியாது, கீழே ஊற்றவும் மனசில்லை. ஐந்தையும் ஐஸ் வாளியில் கொட்டி, வாளியைக் கொண்டுபோய் சொல்தா முன்னால் வைத்தான். "உங்க கண்ணாடி குளிர்ந்திடுச்சு முசே."

சொல்தா கையை விட்டுத் துழாவினார். விரலை நக்கினார். கண்ணாடியை மறந்துவிட்டு, வாளியைத் தூக்கி மூன்று மடக்கு குடித்தார். சரியாக அந்த நேரம் சவரிராயர் உள்ளே வந்தார்.

"சவரி!" என்றார் சொல்தா, கண் கலங்கி. "பசங்க கலக்கிட்டானுங்கய்யா!"

தேசப்பன் ஓடிவந்து கையெடுத்துக் கும்பிட்டான்.

"முசே, மாதா சத்தியமா நாங்க கலக்கலை. குலுக்கினதோட சரி!"

"டேய், நல்லாருக்குன்னு சொல்றாருடா!" என்றார் சவரிராயர்.

"அவரையே சொல்லச் சொல்லுங்க."

"எத்தனை தடவைடா சொல்றது?" என்றார் சொல்தா. "கலக்கிட்டீங்க!"

"பாத்தீங்களா, மறுபடியும்." குப்புராசு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு செங்கேணியைப் பார்த்தான். "நீதானேடா ஸ்பூனைத் தொட்டது?"

"கழுவத்தான் தொட்டேன் மாமா!"

அதற்குமேல் அவர்கள் நிற்கவில்லை. ஷட்டரை இழுத்து, வெளியே பூட்டி, சுற்றிப் போய் ஜன்னல் கம்பி வழியாகச் சாவியை சவரிராயர் கையிலேயே கொடுத்தார்கள்.

"அடேய்! உள்ளே இருக்கோம்டா! வந்து திறங்கடா!"

தெருமுனையில் இருந்து குப்புராசு திரும்பிப் பார்த்தான்.

"சாவி உங்க கையிலதானே இருக்கு முசே!"