பத்து ஐம்பதுக்குச் சுழன்ற மின்விசிறி

மின்வெட்டுக்கென்று ஒரு நேரம் இருந்த காலத்தில், எங்கள் ஊருக்கு வாய்த்தது காலை பத்து முதல் பன்னிரண்டு வரை.

அரசாங்கம் போட்ட உத்தரவுகளில் நிமிடம் தவறாமல் நடந்தது அது ஒன்றுதான் என்பது என் துணிபு. மறுக்க விரும்புகிறவர்கள் இன்னொன்றைக் காட்டலாம், காத்திருக்கிறேன். பத்து அடித்ததும் சலூன் நாற்காலி வாசலுக்கு வந்துவிடும். ஜெராக்ஸ் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, எதிர்க்கடைக்காரரோடு ஆடுபுலி ஆட உட்கார்ந்துவிடுவார். தட்டச்சுப் பயிலகத்தில் மட்டும் எதுவும் மாறாது. மின்சாரத்தை ஒருநாளும் நம்பியிராத பெருமையில் அங்கே இயந்திரங்கள் தட்டிக்கொண்டே இருக்கும். பாங்கு மேனேஜர் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு வேப்பமரத்தடியில் நின்று எல்லோரோடும் பேசுவார். மற்ற நேரத்தில் அவர் பேசி நாங்கள் பார்த்ததில்லை.

மடத்தில் பாடம் நடந்ததும் அந்த இரண்டு மணி நேரத்தில்தான். மடத்துக்கும் சூசையம்மாளின் மாவு மில்லுக்கும் இடையே ஒரே சுவர். மில் ஓடினால் பாட்டு காதில் விழாது. ஆகவே முந்நூறு ஆண்டுப் பழமையுள்ள மடம் தன் பாட நேரத்தை மின்சார ஆபீசிடமிருந்து பெற்றுக்கொண்டிருந்தது.

பாடம் சொன்னவர் தம்பிரான். வயது முப்பத்து நான்கு. பாடம் கேட்டவர் தாண்டவராயன். வயது அறுபத்து மூன்று. எண்களை நான் இடம் மாற்றிவிடவில்லை. தாண்டவராயன் மின்சார ஆபீசில் முப்பத்திரண்டு ஆண்டு வேலை பார்த்து, லைன் ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர். பழைய பாடல்களைப் பொருளோடு கேட்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு அதன் பிறகுதான் வந்தது.

இருவருக்கும் ஆளுக்கொரு பனையோலை விசிறி. மடத்தில் இருந்ததே இரண்டுதான்.

தாண்டவராயனிடம் ஒரு வழக்கம். ஒவ்வொரு பாட்டையும் நோட்டில் எழுதுவதற்கு முன் ஓரத்தில் மணி போடுவார். 10.14. 10.31.

"பாட்டுக்கு எதுக்கு மணி?" என்று தம்பிரான் ஒருமுறை கேட்டார்.

"லாக் புக் பழக்கம் சாமி. கை தானா போட்டுடும். எங்க ஆபீஸ்ல மணி போடாம எழுதினா அது வெறும் பேச்சு. மணி போட்டாத்தான் சாட்சி."

தம்பிரான் தலையசைத்துவிட்டு அடுத்த அடிக்குப் போனார்.

ஒரு வெள்ளிக்கிழமை தாண்டவராயன் நோட்டோடு ஒரு தாளையும் கொண்டுவந்தார். பாடத்தில் மனம் செல்லவில்லை. இரண்டு தடவை ஒரே அடியை எழுதினார்.

"அந்தத் தாள்ல என்ன?" என்றார் தம்பிரான்.

"மாவட்டத்துல 'சிக்கனச் செம்மல்'னு ஒரு பட்டம் கொடுக்கறாங்க சாமி. ஊருக்குச் சொல்றபடி தானும் மின்சாரத்தை மிச்சப்படுத்தற தலைவருக்கு. நம்ம பேரூராட்சித் தலைவர் தணிகாசலம் பேரு போயிருக்கு. விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் அவர் வீட்டைப் பார்த்துட்டு, பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போடணும். என்னைப் பிடிச்சுட்டாங்க. நாளைக்குச் சாயங்காலம் கொடுக்கணும்."

"கொடுங்களேன்."

"மேடைக்கு மேடை அணைங்க, அணைங்கன்னு பேசறார். ஜனங்களும் அணைக்கறாங்க. அவர் அணைக்கறாரா? இந்தத் தலைவர்களெல்லாம் சொல்றதைச் செய்யறவங்கதானா? அதுதான் சாமி எனக்குத் தெரியலை."

மில் நின்றிருந்ததால் சூசையம்மாள் மடத்து வாசல் நிழலில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்து மாவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இந்தப் பேச்சு அவளுக்குப் பாட்டைவிட நன்றாகப் புரிந்தது.

"ஃபோர்மேன் அண்ணே, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி என்னையும் கொஞ்சம் நெனச்சுக்கங்க. பட்டம் வந்தா நம்ம ஊர் முன்மாதிரி ஊராம். தானா முன்வந்து இன்னொரு மணி நேரம் கரண்டை விட்டுக்கொடுக்குமாம். பன்னெண்டுலேர்ந்து ஒண்ணு. தலைவரே மைக்ல சொல்லிட்டார்."

"கேட்டேம்மா."

"பன்னெண்டுலேர்ந்து ஒண்ணுதான் எனக்கு யாவாரமே. அப்பத்தான் ஆளுங்க தூக்கைத் தூக்கிக்கிட்டு வருவாங்க. அந்த நேரத்தையும் விட்டுக்கொடுத்துட்டு நான் என்ன செய்ய? உங்ககூட உக்காந்து பாட்டுப் படிக்கவா?"

"அவர் உண்மையிலேயே சிக்கனமா இருந்தா நான் வேற மாதிரி எழுத முடியாது சூசையம்மா."

"இருந்தா எழுதுங்க. யாரு வேணாம்னா?"

தாண்டவராயன் தம்பிரானைப் பார்த்தார். தம்பிரான் சுவடியைக் கட்டினார்.

"நாளைக்குப் பாடம் வெளியே. பத்தரைக்குக் கிளம்பலாம்."

மறுநாள் இருவரும் கடைவீதி வழியாக நடந்தார்கள். சலூன் நாற்காலி வாசலில் இருந்தது. புலி இரண்டு ஆட்டை வெட்டியிருந்தது. வேப்பமரத்தடியில் மேனேஜர் தம்பிரானைக் கண்டு பொத்தானைப் போட்டுக்கொண்டார். தாண்டவராயன் கம்பங்களைக் காட்டிக்கொண்டே வந்தார்.

"இது நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் நட்டது சாமி. அப்ப இங்கெல்லாம் கடலைக்காடு. முதல் நாள் விளக்கு எரிஞ்சப்ப ஜனங்க கம்பத்துக்குப் பொட்டு வெச்சாங்க. எனக்கும் வெச்சாங்க."

"இதுவும் நீங்க நட்டதுதானா?" ஆஸ்பத்திரித் தெரு திரும்பும் இடத்தில் தம்பிரான் ஒரு கம்பத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"ஆமாம் சாமி. ஆஸ்பத்திரி கட்டினப்ப. அதோ, அந்தப் பச்சைக் கேட் தலைவர் வீடு. அதுக்கு அடுத்தது நம்ம வீடு."

பச்சைக் கேட்டில் 'தேவையற்ற விளக்குகளை அணைப்பீர்' என்று ஒரு பலகை தொங்கியது. எழுத்துப் பிழை எதுவும் இல்லை. நான் பிற்பாடு போய்ப் பார்த்தேன்.

தணிகாசலம் எழுந்து வந்து கும்பிட்டார். ஐம்பது வயது, நல்ல மனிதர். எங்கள் ஊரில் அவரைப் பற்றி யாரும் அதற்குமேல் குறை சொன்னதில்லை.

"வாங்க சாமி, வாங்க ஃபோர்மேன். உள்ளே உக்காரலாம், இங்க வெயில் அடிக்குது."

உள்ளே போவதற்கு முன் திரும்பி, முன்னறை மின்விசிறியைத் தம் கையாலேயே அணைத்தார். தாண்டவராயன் அதைப் பார்த்தார். கைக்கடிகாரத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

கூடத்தில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. பார்க்க ஆள் இல்லை.

"மாலினி! ஆளில்லாத கூடத்துல எதுக்கும்மா இது? அப்பா ஊரெல்லாம் போய்க் கத்திட்டு வரேன், நம்ம வீட்டுலேயே இப்படின்னா?"

டி.வி.யை அணைத்தார். ஒரு விசிறியை மட்டும், அதுவும் இரண்டாம் எண்ணில், வைத்தார். மோர் வந்தது. டம்ளருக்கு வெளியே பனித்திருந்தது.

"ஃப்ரிட்ஜைக்கூட ஒரு வேளைக்கு ஒரு தடவைதான் திறக்கணும்னு சொல்லி வெச்சிருக்கேன் சாமி. குண்டு பல்பு ஒண்ணுகூடக் கிடையாது. நீங்களே சுத்திப் பாருங்க ஃபோர்மேன்."

தாண்டவராயன் சுற்றிப் பார்த்தார். வெற்று அறையில் விளக்கு எரியவில்லை. குளியலறையில் வெந்நீர்ப் பெட்டி இல்லை. எல்லாம் சொன்னபடியே இருந்தது.

"ஒண்ணுதான் சாமி எனக்கு வருத்தம்," என்றார் தணிகாசலம். "ரெண்டு மணி நேர மின்வெட்டுக்கு ஜனங்க ஏன் இவ்வளவு அலுத்துக்கறாங்கன்னு எனக்குப் புரியவே மாட்டேங்குது. கொஞ்சம் மனசு வெச்சா பழகிடாதா? நான் பழகலையா?"

"காத்து நல்லா வருது," என்றார் தம்பிரான்.

"கிழக்கு பார்த்த வீடு சாமி."

விடைபெற்றார்கள். வாசல் வரை வந்த தலைவர், மறக்காமல் உள்ளே திரும்பிப் போய்க் கூடத்து விசிறியையும் அணைத்துவிட்டு வந்தார்.

வழியெல்லாம் தாண்டவராயன் பேசிக்கொண்டே வந்தார். தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கிய நடை.

"தப்பா நெனச்சுட்டேன் சாமி. மனுஷன் சொல்றதைச் செய்யறார். ரெண்டு விசிறி, ஒரு டி.வி. மூணையும் தன் கையால அணைச்சார். நாம பார்க்கறோம்னு செய்யலை. கை தானா போகுது. எனக்குத் தெரியாதா அது?"

மடத்து வாசலில் சூசையம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் மில்லின் பெல்ட் அசையாமல் தொங்கியது.

"என்ன அண்ணே, அணைக்கறாரா?"

"அணைக்கறார் சூசையம்மா. என் கண்ணால பார்த்தேன்."

அவள் திரும்பி அந்தப் பெல்ட்டைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

தாண்டவராயன் உள்ளே உட்கார்ந்து தாளை நோட்டின்மேல் விரித்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நெற்றி வியர்வை தாளில் விழாமல் புறங்கையால் துடைத்துக்கொண்டார். பேனாவைத் திறந்தார். கை, தன் வழக்கப்படி, முதலில் மணியைப் போட்டது.

10.50.

பிறகு எழுதினார்: தலைவர் முன்னறை மின்விசிறியை

பேனா அங்கேயே நின்றது.

தம்பிரான் விசிறிக்கொண்டிருந்தார். ஓலையின் ஓசை மட்டும் கேட்டது. மில் ஓட இன்னும் முக்கால் மணி இருந்தது.

"அது ஆஸ்பத்திரி லைன் சாமி," என்றார் தாண்டவராயன்.

தம்பிரான் நிமிர்ந்து பார்த்தார்.

"ஆபரேஷன் நடக்கறப்ப நிக்கக் கூடாதுன்னு தனியா இழுத்தது. அதுக்கு மின்வெட்டே கிடையாது. அப்ப இவரோட அப்பாதான் தலைவர். படுத்த படுக்கை. நெஞ்சு இழுக்கும், காத்து வேணும். பார்க்கப் பாவமா இருந்துச்சு. அந்த லைன்லேர்ந்து ஒரு கிளை கொடுத்தேன். ஒரு மத்தியானத்து வேலை. என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதார்."

"எப்போ?"

"இருபத்தாறு வருஷம் ஆச்சு. அந்த வருஷமே போயிட்டார்."

"கிளை?"

"அது இருக்கு."

"உங்க வீட்டுக்கு?"

"அடுத்த கம்பம்தானே சாமி. அதே ஏணி. அதே மத்தியானம்."

வாசலில் சூசையம்மாள் எழுந்து மில்லுக்குள் போனாள்.

தாண்டவராயன் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாளில் அந்த மணி மட்டும் நன்றாகத் தெரிந்தது.

"தணிகாசலத்துக்கு இது நெனப்பே இருக்காது சாமி. எனக்கே இல்லையே. தினம் இங்க வந்து விசிறிக்கிட்டுப் பாட்டுக் கேக்கறேன். அங்க விசிறி சுத்தறதைப் பார்த்துட்டு, அணைக்கறாரான்னு மட்டும் பார்த்திருக்கேன்."

தாண்டவராயன் மறுபடியும் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"எழுதினா கிளையை வெட்டிடுவாங்க. அவர் வீட்டுலயும் நிக்கும், நம்ம வீட்டுலயும் நிக்கும். வீட்டுக்காரி தனபாக்கியம் என்னைத் தொலைச்சுடுவா. அவளுக்கு வேர்வையே ஆகாது சாமி."

தம்பிரான் விசிறுவதை நிறுத்தினார். கையிலிருந்த விசிறியைத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"மடத்துல ரெண்டு இருக்கு. ஒண்ணை வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."