மாசிலாமணி தின்ற நண்டு

அரைப்படியூரில் மாவு மில் வைத்திருந்த மூன்று பேருக்கு மில்லைப் போலவே மூளையும் கூட்டுதான். யார் பங்கு எவ்வளவு என்று இன்றுவரை தெரியவில்லை. மாசிலாமணி, சிங்காரம், சபாபதி. குக்கர் கடைக் குலுக்கலில் இவர்களுக்குக் கப்பல் பயணம் விழுந்தது. மூன்று ராத்திரி, சாப்பாட்டோடு!

மாசிலாமணிக்குக் கடல் நண்டு தின்ன வேண்டும். அவ்வளவுதான். அவன் மச்சான் தூத்துக்குடியில் ஒரே ஒரு தடவை தின்றுவிட்டு வருஷக்கணக்காகப் பீற்றிக்கொண்டிருந்தான். கேட்டுக் கேட்டு மாசிலாமணிக்குக் காது புளித்துப்போச்சு, வாய் மட்டும் ஊறிக்கொண்டே இருந்தது.

"கடைசி ராத்திரி நண்டு உண்டு," என்றார் டிக்கெட் கொடுத்தவர். "ஆனா கோட்டு இல்லாம சாப்பிட விட மாட்டாங்க. நேத்துப் போட்டதையே இன்னைக்கும் மாட்டிக்கிட்டுப் போகாதீங்க, அசிங்கம். பேர் போட்ட அட்டை தருவாங்க, கோட்டுல குத்திக்குங்க. இறங்குற வரைக்கும் கழட்டவே கூடாது. அதைப் பாத்துத்தான் அவங்கவங்க சாப்பாட்டை வைப்பாங்க."

சந்தையில் பழந்துணிக் குவியலைக் கிளறி ஆளுக்கொரு கோட்டு எடுத்தார்கள். மாசிலாமணிக்கு யாரோ ஒரு மாப்பிள்ளையின் கல்யாணக் கோட்டு. சபாபதிக்கு முழங்கை தேய்ந்த வக்கீல் கோட்டு. சிங்காரத்துக்குப் பேண்டு வாத்தியக்காரர் கோட்டு, தோளில் தங்கக் குஞ்சம். முதல் ராத்திரியே ஓர் அம்மாள் அவனைக் கேப்டன் என்று நினைத்து, "எப்பங்க கரை சேருவோம்?" என்றார்.

"சாப்பிட்டு முடிச்சதும்," என்றான் சிங்காரம். பாவம், அந்த அம்மாள் பெட்டி கட்டப் போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் சிக்கல் வந்தது.

"நேத்துப் போட்டதைப் போடக் கூடாதே! ஆளுக்கு ஒன்னுதானே இருக்கு?" என்றான் மாசிலாமணி.

சபாபதி ரொம்ப நேரம் கடலைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "சிங்காரம் கோட்டை நேத்து நீ போட்டியா?"

"இல்லையே."

"அப்ப போடு!"

மாற்றிக்கொண்டார்கள். "அட்டை?" என்றான் சிங்காரம்.

"கழட்டக் கூடாதுன்னாரே. இன்னைக்கு மாசிலாமணிதான் சிங்காரம். அச்சடிச்சே இருக்கு, பாரு."

சிங்காரத்துக்கு ரத்தக் கொதிப்பு. அதனால் மாசிலாமணிக்கு உப்பில்லாமல் அவித்த காய் வந்தது. நண்டு நாளைக்குத்தானே என்று பொறுத்துக்கொண்டான்.

மூன்றாம் ராத்திரி மாசிலாமணிக்குச் சபாபதியின் வக்கீல் கோட்டுதான் பாக்கி. சபாபதி சுத்த சைவம். மாசிலாமணி முன்னால் தயிர்சாதத்தை வைத்தார்கள். எதிரே கல்யாணக் கோட்டில் உட்கார்ந்திருந்த சிங்காரத்துக்குத் தட்டு நிறைய நண்டு.

மாசிலாமணிக்கு அழுகையே வந்துவிட்டது. "டேய், அது என் நண்டுடா!"

சபாபதி பதறிப்போனான். "அந்த அட்டையோட நண்டைத் தொட்டுடாதே! எங்க வீட்டுல தெரிஞ்சா என்னைச் சேர்க்க மாட்டாங்க!"

"எதுக்குடா அழுவுறே?" என்றான் சிங்காரம், ஒரு நண்டுக்காலை உறிஞ்சியபடி. "மாசிலாமணிதானே தின்னுக்கிட்டிருக்கான்?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மாசிலாமணி கேட்டான்: "எப்படிடா இருக்கு எனக்கு?"

"அமிர்தமா இருக்குடா உனக்கு!"

"அப்படின்னா கூச்சப்படாம இன்னொரு தட்டு வாங்கு."

மூன்று தட்டு உள்ளே போனது. விடிந்தபோது சிங்காரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டான். கப்பல் டாக்டர் ஊசி போட்டு, அட்டையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாசிலாமணி ஒரு வாரத்துக்குக் கஞ்சிதான் குடிக்கணும்."

கரை இறங்கியதும் அட்டையைக் கழற்றி, அவரவர் கோட்டை வாங்கிக்கொண்டார்கள். சிங்காரம் நேரே பிரியாணிக் கடைக்குப் போனான்.

வீட்டில் மாசிலாமணியின் மனைவி வேதவல்லி நாட்டுக்கோழிக் குழம்பு வைத்துக் காத்திருந்தாள். மச்சானும் வந்திருந்தான். மாசிலாமணி இலையைத் தள்ளிவிட்டுக் கஞ்சி கேட்டான். கோழி மொத்தமும் மச்சான் இலைக்குப் போனது.

"என்ன மாமா, நண்டு கிடைச்சுதா இல்லையா?" என்றான் மச்சான், எலும்பைக் கடித்துக்கொண்டே.

மாசிலாமணி நெஞ்சை நிமிர்த்தினான். "மூணு தட்டு! ஒன்னோட நிறுத்தியிருப்பேன். நான்தான் எதிர்ல உட்கார்ந்து, 'கூச்சப்படாம தின்னு'ன்னு என்னை வற்புறுத்திட்டேன்."