அழுக்குப்படாத பக்கங்கள்

"சார், எனக்கு ஒரு புத்தகம் வேணும். இல்லேன்னா ஒரு ஆள் வேணும்."

வந்ததும் வராததுமாக இன்னாசி இப்படித்தான் ஆரம்பித்தான். பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறவன். கேட்டது, கல்லூரியில் தனக்குப் பாடம் எடுத்த பேராசிரியர் வேலாயுதத்திடம்.

"யாருக்குப்பா?"

"என் வகுப்புல செண்பகவல்லின்னு ஒரு பொண்ணு சார். பொருளைத் தள்ளுறப்ப முரண்டு பிடிக்கிற நிறையும், பூமி இழுக்கிற நிறையும் ஏன் ஒண்ணாவே இருக்கணும்னு கேட்டுட்டா."

"அடேயப்பா! நீ என்ன சொன்னே?"

இன்னாசி தலையைச் சொறிந்தான்.

"போர்ஷன்ல இல்லேன்னேன். புக் பேக் கேள்வியைப் படி, மார்க் வரும்னேன்."

"அவ?"

"உக்காந்துட்டா. அதோட சரி, வாயே திறக்கிறதில்ல. திங்கக்கிழமை காமர்ஸ் குரூப்புக்கு மாறப்போறாளாம். அப்பாகிட்ட கையெழுத்துகூட வாங்கிட்டா சார்."

இன்னாசி வருஷக்கணக்காகப் பாடம் நடத்துகிறான். அப்படி ஒரு கேள்வி கேட்ட பிள்ளை அவள் ஒருத்திதான். அவளையும் தன் வாயாலேயே விரட்டிவிட்டோமே என்று நொந்துகொண்டான்.

அவனும் சும்மா இருக்கவில்லை, பாவம். கடை கடையாக ஏறி இறங்கினான். எங்கே போனாலும் கைடு, கைடு, கைடு! தெரிந்த வாத்தியார்களைக் கேட்டால், "உனக்கு வேற வேலையே இல்லையாப்பா?" என்றார்கள்.

பேராசிரியர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்தார். பிரிக்கவில்லை. மூடியபடியே அதன் விளிம்பைக் காட்டினார்.

பாதிவரை விரல் பட்டுப் பட்டு அழுக்கேறியிருந்தது. மீதிப் பாதி வெள்ளை வெளேரென்று இருந்தது.

"யார் படிச்ச புத்தகம் சார்?"

"நான்தான். அந்தப் பொண்ணு கேட்டதெல்லாம் வெள்ளைப் பக்கத்துல வருது. கணக்கு மண்டையில ஏறல. நிறுத்திட்டேன்."

இன்னாசிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இவர் ஒருத்தரைத்தான் மலைபோல நம்பி வந்திருந்தான்.

"யார்கிட்டயாவது கேட்டிருக்கலாமே சார்?"

"பேராசிரியர்னு போர்டு மாட்டினப்புறம் யார்கிட்டப் போய்க் கேக்குறது?"



"இப்ப நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவகிட்டப் போவேன்?"

"இதை எடுத்துட்டுப் போ. எனக்கும் தெரியாதும்மா, சேர்ந்து பாப்போமான்னு கேளு."

"அய்யோ, வகுப்புக்கு முன்னாலயா? இத்தனை வருஷத்துல தெரியாதுன்னு நான் சொன்னதே இல்ல சார்."

"நான் மட்டும் சொன்னேனா?"

பேராசிரியர் அவன் முகத்தைப் பார்க்காமல் புத்தகத்தை நீட்டினார்.

"நீ ரெண்டாம் வருஷம் படிக்கிறப்ப, இதே கேள்வியை எழுந்து நின்னு என்கிட்டக் கேட்டே. உக்காருன்னுட்டேன். ஞாபகம் இருக்கா?"

எவ்வளவு யோசித்தும் இன்னாசிக்கு ஞாபகம் வரவில்லை.