குளத்தில் இறங்கிய பாரசீகர்

ஆழிமங்கலத்தை ஆண்ட குலவர்த்தன ராஜாவுக்கு ஒரு பெருமை. "எந்த நாட்டுக் கைவேலைக்காரனும் கடைசியில் என் தலைநகருக்குத்தான் வருவான்" என்பார். வரத்தான் செய்தார்கள். சீனத்துப் பீங்கான்காரர்கள், சாவகத்துக் கப்பல் தச்சர்கள் என்று துறைமுகமே நிறைந்துவிட்டது. வந்தவர்கள் எப்படிக் குடியிருக்கிறார்கள் என்று மட்டும் ராஜா கேட்டதில்லை. அதை நகராதிபதி வீரபோகர் பார்த்துக்கொண்டார்.

நன்றாகவே பார்த்துக்கொண்டார். அயலார் தெரு முழுக்க அவருடைய வீடுகள்தான். உள்ளூர்க்காரன் வந்து கேட்டால் மாதம் மூன்று பணம். அயல்நாட்டான் கேட்டால் பன்னிரண்டு.

அந்தத் தெருவில் மெஹ்ரான் என்ற பாரசீகர் இருந்தார். அரண்மனைக்கு நீர்க்கடிகாரம் செய்ய வந்தவர். சம்பளம் பதினைந்து பணம். வாடகை போக மிச்சம் மூன்று. அதில்தான் சாப்பாடு, துணி, விளக்கெண்ணெய் எல்லாம். ஊரிலிருந்த மனைவிக்கும் மகளுக்கும் எட்டு மாதமாக ஒன்றும் அனுப்பவில்லை. ஒருநாள் விகடகவி பிச்சாண்டியின் வீட்டுக்கு வந்து அழாத குறையாக நின்றார்.

"ஐயா, ஊருக்கே திரும்பிவிடலாம் என்று பார்த்தால் கப்பல் கூலிக்கும் வழியில்லை."

"ராஜாவிடம் சொல்ல வேண்டியதுதானே?"

"வந்த புதிதில் சொன்னேன். எனக்குத் தமிழ் தெரியாது. நகராதிபதிதான் மொழிபெயர்த்தார். ராஜா சந்தோஷமாகத் தலையாட்டினார்."

"அப்படி என்ன மொழிபெயர்த்தாராம்?"

"வீடு பிரமாதமாக இருக்கிறதென்று நான் சொன்னேனாம். இப்போது தமிழ் கற்றுக்கொண்டேன். ஆனால் ராஜாவைப் பார்க்க விடமாட்டேன் என்கிறார்கள்."

பிச்சாண்டி யோசித்தார். தானே போய்ச் சொன்னால் ராஜா விசாரணையை வீரபோகரிடமே கொடுப்பார். அதில் பிரயோசனமில்லை.

"மெஹ்ரான், உமக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்டார்.

மறுநாள் காலை மெஹ்ரான் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அரண்மனைக் குளத்தில் இறங்கி ஆனந்தமாகக் குளித்தார். அங்கே குளிப்பது குற்றம். ஐந்து பணம் அபராதம். கட்டாவிட்டால் ஒரு மாதம் சிறை. மெஹ்ரான் சிறைக்கே போகிறேன் என்றார். அங்கே ஒழுகாத கூரை இருந்தது. இரண்டு வேளை கஞ்சி கொடுத்தார்கள். வேலை தெரிந்தவர்களைப் பகலில் காவலோடு வேலைக்கு அனுப்பினார்கள், சம்பளமும் நிற்கவில்லை. அந்த மாதம் பாரசீகம் போன கப்பலில் மெஹ்ரானின் பணமுடிப்பு போயிற்று.

சேதி அயலார் தெருவில் பரவ எவ்வளவு நேரமாகும்? அடுத்த வாரம் பீங்கான்காரர் குளித்தார். அதற்கடுத்த நாள் தச்சர்கள் மூன்று பேர். உப்பரிகையில் நின்ற ராஜாவின் காதில் விழும்படி ஒருவர் கூப்பிட்டார்: "காவல்காரரே, முதுகு தேய்த்து முடித்துவிட்டேன். வந்து பிடித்துக்கொள்ளுங்கள்!"

மாதம் முடிவதற்குள் சிறையில் நாற்பது பேர். கால் நீட்ட இடமில்லை.

ராஜாவுக்குக் கோபம் வந்தது. "பிச்சாண்டி! நாளை சாயங்காலத்துக்குள் சிறை காலியாக வேண்டும். யாருக்கும் மன்னிப்புக் கிடையாது, சட்டம் சட்டம்தான். யாரையும் அடிக்கவும் கூடாது. கஜானாவிலிருந்து காசும் தரமாட்டேன்."

"ஆகட்டும் அரசே. நகராதிபதியை மட்டும் அனுப்பிவையுங்கள். தாங்கள் சிறை அதிகாரியின் அறையில் சத்தமில்லாமல் உட்கார்ந்து கேட்டால் போதும்."

மறுநாள் வீரபோகர் வந்ததும் பிச்சாண்டி அவரைத் தனியே அழைத்தார்.

"ஐயா, சிறையில் கூட்டம் தாங்கவில்லை. இன்று முதல் இங்கேயும் வாடகை வசூலிக்கலாம் என்று யோசனை. உம்மைவிட அனுபவசாலி யார்? அயலார் தெருவில் என்ன நிபந்தனையோ, அதையே இங்கும் வாசித்துவிடும்."

வீரபோகருக்கு முகமெல்லாம் பல். தொண்டையைக் கனைத்துக்கொண்டு கைதிகள் முன்னால் போய் நின்றார்.

"எல்லாரும் கேளுங்கள்! தலைக்கு மாதம் பன்னிரண்டு பணம். முன்பணம் பத்து மாதத்துக்கு. கிணற்றுத் தண்ணீருக்குத் தனி. விருந்தாளி வந்தால் அதற்கும் தனி. மீன் சமைக்கக் கூடாது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. காலி செய்யும்போது வெள்ளையடிக்க இரண்டு மாத வாடகை பிடித்துக்கொள்வோம். வருஷா வருஷம் வாடகை ஏறும்."

முதலில் எழுந்தவர் பீங்கான்காரர். பாயைச் சுருட்டினார். இடுப்பு முடிச்சை அவிழ்த்து ஐந்து பணம் அபராதத்தைக் கட்டினார். வெளியே ஓடினார். அவர் பின்னால் தச்சர்கள். அவர்களுக்குப் பின்னால் மற்றவர்கள். அபராதம் வாங்கின அதிகாரிக்கு எண்ணி எண்ணிக் கை வலித்தது. கடைசியாக மெஹ்ரான் தன் கடிகாரச் சக்கரங்களைத் துணியில் கட்டிக்கொண்டு போனார். பொழுது உச்சிக்கு வருமுன் சிறையில் கொசு மட்டும்தான் மிச்சம்.

அறைக்கதவு திறந்தது. ராஜா வெளியே வந்தார். வீரபோகருக்கு முகம் வெளுத்தது.

"பிச்சாண்டி," என்றார் ராஜா, "ஒரு மாதச் சிறையைச் சிரித்துக்கொண்டே ஏற்றவர்கள் ஏன் இப்படித் தலைதெறிக்க ஓடுகிறார்கள்?"

பிச்சாண்டி கை கட்டி நின்றார்.

"அரசே, குளத்தில் குளித்தால் என்ன தண்டனை என்று எல்லாருக்கும் தெரியும். நம் ஊருக்கு வேலைக்கு வந்தால் என்ன தண்டனை என்று தங்களுக்குத்தான் தெரியாது. அதைத்தான் நகராதிபதி இப்போது வாசித்தார்."

ராஜா சிரித்த சிரிப்பில் சிறைச்சுவரெல்லாம் எதிரொலித்தது. அன்றே அயலாருக்கும் வாடகை மூன்று பணம் என்று முரசறைந்தார்கள். அதிகமாகப் பிடுங்கியதை வீரபோகர் வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுத்தார். பிச்சாண்டிக்குப் பொற்கிழி கிடைத்தது. அடுத்த கப்பலில் மெஹ்ரானின் மனைவியும் மகளும் ஆழிமங்கலத்தில் வந்து இறங்கினார்கள்.