நாலு பத்துக்கு அடிக்கும் மணி

"இந்தப் பட்டை பொய் சொல்லுது சிஸ்டர். கழற்றிடுங்க."

டாக்டர் பொன்னையாவுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் முப்பது வருட அனுபவம். நாடித் துடிப்பைக் கண்காணிக்க நோயாளிகளின் மணிக்கட்டில் கட்டச் சொல்லிப் போன வாரம் வந்த புதுப் பட்டைகள் மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை.

அதற்கான பயிற்சிக்குப் போய் வந்தவர் சிஸ்டர் ஜெபக்கனி. டாக்டரைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் பட்டை விஷயத்தில் அவர்தான் குரு, டாக்டர் சிஷ்யர். டாக்டர் கூச்சப்படாமல் கேட்பார். பெரிய மனிதர்களிடம் அபூர்வமான குணம் அது.

"என்ன பொய் சொல்லுச்சு சார்?"

"மூணாம் நம்பர் பெட் கொம்பையா. நாடித் துடிப்பு எகிறுதுன்னு, பட்டையக் கட்டின மூணு நாளா மணி அடிக்குது. மூணு நாளும் விழுந்தடிச்சு ஓடி வந்தேன். வந்து பார்த்தா எல்லாம் சரியா இருக்கு."

கொம்பையா டவுன் பஸ் டிரைவர். தலையில் அடிபட்டு, பதினோரு நாளாக நினைவில்லை. கூப்பிட்டாலும் கிள்ளினாலும் அசைவில்லை. டாக்டர் நம்பிக்கையை விட்டுவிட்டார். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தன் அறைக்கு வரும்படி கொம்பையாவின் மனைவி பேச்சித்தாயிடம் சொல்லியிருந்தார். இனி வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லத்தான்.

ஜெபக்கனி திரையைக் காட்டினார். பட்டை ஒவ்வொரு நிமிடத்தையும் குறித்து வைத்திருந்தது.

மூன்று நாளும் மணி அடித்தது நாலு பத்துக்கு.

"நாலு மணிக்கு இங்க என்ன சார்?"

"சொந்தக்காரங்க பார்க்க வர்ற நேரம்."

"மணி அடிச்சதும் நாம முதல்ல என்ன செய்வோம்?"

"பார்க்க வந்தவங்களை வெளியே அனுப்புவோம்."

சொல்லிவிட்டு டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

நாலு மணி ஆனது. பேச்சித்தாய் செருப்பைக் கழற்றி, கையைக் கழுவி, பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு வந்தார். கணவனின் காதருகே குனிந்தார்.

"ஏங்க, உங்க பஸ்ஸ இப்பம் யாரோ புதுசா ஓட்டுதான். கியரப் போட்டு நொறுக்குதான். பாக்கவே வயிறு எரியுது."

திரையில் எண் ஏறியது. தொண்ணூறு. நூற்றிரண்டு. நூற்றுப் பதிமூன்று.

மணி அடித்தது.

பேச்சித்தாய் யாரும் சொல்லாமலே வெளியே நடந்தார். மூன்று நாள் பழக்கம்.

எண் இறங்கியது. மணி நின்றது.

"போகாதீங்கக்கா, வாங்க" என்றார் ஜெபக்கனி.

பேச்சித்தாய் பயந்துகொண்டே திரும்பினார். "நான்தாங்க. வந்துட்டேன்."

மணி மறுபடி அடித்தது.

"பட்டையக் கழற்றட்டுமா சார்?"

டாக்டர் மூலையில் கிடந்த நாற்காலியைத் தானே இழுத்து வந்து கட்டிலருகே போட்டார்.

"உட்காருங்கம்மா."

"அஞ்சு மணிக்கு உங்க ரூமுக்கு வரச் சொன்னீகளே சார்?"

"வர வேண்டாம். இங்கேயே இருங்க. அந்த பஸ் கதையச் சொல்லுங்க."